இஸ்திரி மேசைக்கு உறை தைப்போம்

(தலைமையாசிரியர்)

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் முன்னோர் கூறிச் சென்ற அறிவுரை. கசக்கி உலர்த்திய ஆடை தூய்மை தருகின்றது. அதனைத் தேய்த்து மடித்து உடுத்தும்போது தூய்மையோடு ஒழுங்கும் சேர்கின்றது. திங்கட்கிழமை காலையில் நம் பள்ளித் திடலில் வரிசையாய் நிற்கும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளைக் காண்போர், ஞாயிறு இரவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாயோ தமக்கையோ இஸ்திரிப் பெட்டியுடன் நின்ற நேரத்தையும் காண்கின்றனர் எனலாம்.

சட்டையைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் நாம் பேசுவதுண்டு. அவ்விரண்டிற்கும் அடியில் விரிக்கப்பட்டுள்ள துணியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அத்துணியைத் தெரிந்தெடுக்கவும், அளந்து வெட்டவும், உறையாகத் தைக்கவும் கற்பிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மாணவர்கள் இதனைக் கணிதமும் அறிவியலும் கைத்தொழிலும் கலந்த ஒரு பாடமாகக் கொள்க. பெற்றோர் இதனை வீட்டின் பாதுகாப்பைப் பற்றிய ஒரு வேண்டுகோளாகக் கொள்க.

வழக்கம் மாறவில்லை, துணி மாறியது

முன்னாளில் தோட்டத்து லயன் வீடுகளில் இஸ்திரி மேசை என்று தனியே ஒன்று இருந்ததில்லை. சாப்பாட்டு மேசையின் மீதோ சிமெண்டுத் தரையின் மீதோ பழைய போர்வையை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் பழைய வேட்டியையோ புடைவையையோ மாவுச் சாக்குத் துணியையோ விரித்து, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பார்கள். அது நல்ல வழக்கமே. அக்காலத்து வேட்டி பருத்தி, புடைவை பருத்தி, மாவுச் சாக்குத் துணியும் பருத்தி. பருத்தி வெப்பத்தைத் தாங்கும்.

இன்றும் பல வீடுகளில் அதே வழக்கம் தொடர்கின்றது. பழைய புடைவை, பழைய போர்வை ஆகியவற்றையே விரிக்கின்றனர். ஆயினும் இன்றைய பழைய புடைவை பெரும்பாலும் பருத்தி அன்று. நைலான் என்னும் செயற்கை இழையை அமெரிக்காவில் வாலஸ் கரோத்தர்ஸ் 1935-ஆம் ஆண்டில் உருவாக்கினார். பாலியஸ்டர் இழையை இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் 1941-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். இவை விரைவில் உலர்வன, எளிதில் கசங்காதன, விலை குறைந்தன. ஆகவே ஆண்டுகள் செல்லச் செல்ல நம் பெட்டிகளிலும் அலமாரிகளிலும் இவையே நிறைந்தன. போர்வைகளும் அவ்வாறே மாறின.

உடுத்துவதற்கு ஏற்ற துணி வேறு. சூடான இரும்பைத் தாங்குவதற்கு ஏற்ற துணி வேறு. பாட்டி செய்ததையே நாமும் செய்கின்றோம் என்று எண்ணுகின்றோம். ஆனால் பாட்டி விரித்த துணி நம்மிடம் இல்லை. இந்த ஒரு மாற்றத்தை உணர்ந்தால், உறை தைக்கும் பாடத்தில் பாதி முடிந்தது எனலாம்.

வெப்பமும் இழையும்

ஆடைகளின் உட்புறத்தில் தைக்கப்பட்டுள்ள சிறு சீட்டில் இஸ்திரிப் பெட்டியின் படமும் அதனுள் புள்ளிகளும் இருப்பதை மாணவர்கள் கண்டிருப்பீர்கள். ஒரு புள்ளி இருப்பின், பெட்டியின் அடித்தட்டு 110 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது. இரு புள்ளிகள் இருப்பின் 150 பாகை; மூன்று புள்ளிகள் இருப்பின் 200 பாகை. நீர் 100 பாகையில் கொதிக்கின்றது என்பதை நினைவிற்கொண்டால், அந்த வெப்பம் எத்தகையது என்பது விளங்கும்.

பருத்திக்கு மூன்று புள்ளி வெப்பம் தகும். பருத்தி உருகும் இயல்பற்றது. வெப்பம் மிகும்போது அது பழுப்பு நிறமாகிப் பின்னர்க் கருகும். அந்நிறமும் வாடையும் நமக்கு முன்னெச்சரிக்கையாக அமைகின்றன. பாலியஸ்டர் ஏறத்தாழ 260 பாகையில் உருகுகின்றது. நைலானில் ஒருவகை 220 பாகையை ஒட்டியே உருகிவிடுகின்றது. உருகுவதற்கு முன்னரே இவை இளகிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அடுத்துத் தேய்க்கும் வெள்ளைச் சட்டையில் அப்பசை கோடாகப் படியும்.

பெட்டி 200 பாகையில்தானே நிற்கின்றது, 260 பாகைக்கு எங்கே போகும் என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. வெப்பத்தை அளவோடு நிறுத்தும் கருவி பழுதுபட்டால் பெட்டி தன் எல்லையைக் கடந்து சூடேறும். அழும் குழந்தையைத் தூக்கவோ, வாயிற்கதவைத் திறக்கவோ பெட்டியைக் கிடத்திவிட்டுச் சென்றால், வெப்பம் ஒரே இடத்தில் தேங்கும். அத்தகைய வேளையில் அடியில் இருப்பது பருத்தியா, உருகும் துணியா என்பதே நமக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை முடிவு செய்கின்றது. பலகைச் சுவர் கொண்ட வரிசை வீடுகளில் ஒரு வீட்டுத் தீ அண்டை வீட்டுத் தீயும் ஆகும் என்பதைத் தோட்ட மக்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மெத்தைகளில் இருந்து வெட்டி எடுத்த நுரைத் துண்டுகளையும் அடியில் இடலாகாது. அவை எளிதில் தீப்பற்றும். நச்சுப் புகையும் எழுப்பும்.

துணியை அறியும் சோதனை

கையிலுள்ள பழைய துணி பருத்திதானா என்பதை எவ்வாறு அறிவது? இச்சோதனையைப் பெரியவர்களே செய்தல் வேண்டும். மாணவர்கள் அருகிருந்து காணலாம். துணியின் ஓரத்திலிருந்து நான்கைந்து நூல்களை உருவி, இடுக்கியால் பிடித்து, நீர் நிறைந்த தட்டின்மேல் வைத்து மெழுகுவர்த்திச் சுடரின் அருகே கொண்டு செல்க.

பருத்தி நூல் உடனே எரியும். தாள் எரியும் வாடை வீசும். மென்மையான சாம்பல் எஞ்சும். ஆட்டுரோமக் கம்பளி மெல்ல எரியும். மயிர் கருகும் வாடை வீசும். எஞ்சியதை விரலால் பொடியாக்கலாம். பாலியஸ்டரும் நைலானும் சுடரைக் கண்டதும் சுருங்கி உருகும். ஆறியபின் கடினமான மணிபோல் திரளும். கலப்புத் துணியில் சாம்பலும் மணியும் சேர்ந்தே காணப்படும். மணி தோன்றும் துணி எதுவாயினும் அது உறைக்கு ஆகாது.

மேலுறைக்குக் காடாத் துணி, கெட்டியான பருத்தி விரிப்பு ஆகியவை ஏற்றவை. உள்மெத்தைக்குப் பருத்தி ஃபிளானல், பழைய பருத்தித் துவாலை, ஆட்டுரோமக் கம்பளி ஆகியவை ஏற்றவை. மேலுறை வெளிர்நிறமாக இருத்தல் நன்று. அடர்நிறச் சாயம் ஈரத்தில் ஊறி வெள்ளாடையில் படியக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. 1980-ஆம் ஆண்டுகளுக்கு முன் மேல்நாடுகளில் விற்கப்பட்ட சில இஸ்திரி மேசை உறைகளிலும் பெட்டி வைக்கும் தாங்கிகளிலும் கல்நார் கலந்திருந்தது. கல்நார்த் தூள் நுரையீரலுக்குப் பெருந்தீங்கு செய்வது. மிகப் பழைய உறை எங்கேனும் கிடைத்தால் அதனை மாதிரிக்காக வெட்டுவதும் பிரிப்பதும் உதறுவதும் கூடாது. பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அதனை அகற்றும் முறையை உள்ளூர் நகராண்மையிடம் கேட்டறிக.

ஒரு தையற்காரப் பெண்மணியின் அறிவு

மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு நியூயார்க் நகரைச் சேர்ந்த ஹென்றி சீலி என்பவர் 1882-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பத்து ஆண்டுகள் கழிந்து, 1892-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாளன்று, சாரா பூன் என்னும் பெண்மணி இஸ்திரிப் பலகையைத் திருத்தியமைத்தமைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் அமெரிக்காவில் அடிமைமுறை நிலவிய காலத்தில், அடிமைக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினத்தவர். பின்னர் நியூஹேவன் நகரில் பெண்களுக்கு ஆடை தைத்து வாழ்ந்தார். அகன்ற பலகையில் சட்டைக் கையையும் இடுப்புப் பகுதியையும் சுருக்கமின்றித் தேய்க்க இயலவில்லை என்பதை அவர் தம் தொழிலிலேயே கண்டார். ஆகவே குறுகலாகவும், ஆடையின் வளைவுக்கு ஏற்ப வளைந்தும் இருக்கும் பலகையை வகுத்தார்.

புதுமை படைப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் இருந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. அன்றாடம் செய்யும் வேலையில் எது தடையாக இருக்கின்றது என்று கூர்ந்து பார்க்கும் கண் இருந்தால் போதும். இதனை மாணவமணிகள் மனத்திற் கொள்வார்களாக.

அளவும் கணக்கும்

உங்கள் வீட்டு இஸ்திரி மேசையின் நீளம் 120 செ.மீ., மிகுந்த அகலம் 38 செ.மீ. என்று கொள்வோம். உறை மேசையின் விளிம்பைக் கடந்து அடிப்புறத்தில் 5 செ.மீ. மடங்கி நிற்க வேண்டும். நாடா நுழையும் மடிப்புக்கு மேலும் 3 செ.மீ. வேண்டும். ஆகவே ஒவ்வொரு பக்கமும் 8 செ.மீ. கூடுதல்.

நீளம்: 120 + 8 + 8 = 136 செ.மீ.
அகலம்: 38 + 8 + 8 = 54 செ.மீ.

புதுப் பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். எனவே தைத்தபின் துவைப்பதை விடுத்து, வெட்டுமுன் துவைத்து உலர்த்துவதே முறை. நூற்றுக்கு 5 பங்கு சுருங்கும் என்று கொண்டால், 150 செ.மீ. துணி 142.5 செ.மீ. ஆகும். நமக்கு வேண்டியது 136. ஆகவே ஒன்றரை மீட்டர் போதும்.

கடைகளில் 45 அங்குல அகலத் துணி கிடைக்கும். அது ஏறத்தாழ 114 செ.மீ. அகலமும் நூற்றுக்கு 5 பங்கு சுருங்கினால் 108 செ.மீ. எஞ்சும். 54 செ.மீ. அகலத்தில் அதனுள் இரண்டு உறைகள் சரியாக அடங்குகின்றன. ஆகவே ஒன்றரை மீட்டர் துணியை அண்டை வீட்டார் இருவர் சேர்ந்து வாங்கினால், செலவு பாதியாகும். கணக்கு அறிந்தவர்க்கு வெட்டுத் துணியும் வீணாவதில்லை.

தைக்கும் முறை

1. பழைய செய்தித்தாள்களை ஒட்டிப் பெரிய தாளாக்குக. மேசையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடிடுக. இதுவே உள்மெத்தையின் அளவு.

2. அக்கோட்டுக்கு வெளியே பல இடங்களில் 8 செ.மீ. அளந்து புள்ளியிட்டுப் புள்ளிகளை இணைக்க. இதுவே மேலுறையின் அளவு. தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து இருபுறமும் ஒத்திருக்கின்றனவா எனச் சரிபார்க்க.

3. மேலுறையை வெளிக்கோட்டில் முதலில் வெட்டுக. பின்னர்த் தாளை உட்கோட்டில் வெட்டி, அவ்வளவில் ஃபிளானல் அல்லது துவாலையை இரண்டு மூன்று அடுக்காக வெட்டுக. துவாலையின் தடித்த கரையை நீக்கிவிடுக. இல்லையேல் அக்கரை ஆடையில் கோடாகப் பதியும். அடுக்குகள் நழுவாதபடி பருத்தி நூலால் நீண்ட இழையோட்டம் இடுக. முடிச்சு அடிப்புறத்தில் இருக்கட்டும்.

4. மேலுறையின் ஓரத்தை 1 செ.மீ. உட்புறமாக மடிக்க. கூர்முனை வளைவில் துணி மடிப்பு மடிப்பாக நிற்கும். அவ்விடத்தில் ஓரத்தை ஒட்டி ஓட்டுத்தையல் இட்டு, நூலை மெல்ல இழுத்துச் சுருக்கினால் வளைவு படிந்துவிடும்.

5. மீண்டும் 2 செ.மீ. மடித்து, மடிப்பின் உள்ளோரத்தை ஒட்டிச் சுற்றிலும் தைக்க. அகன்ற முனையின் நடுவில் 4 செ.மீ. இடைவெளி விடுக. இடைவெளியின் இருபுறமும் பின்தையல் இட்டு உறுதிப்படுத்துக. நாடாவை இழுக்கும்போது முதலில் பிரிவது அவ்விடமே.

6. மேசை விளிம்பின் சுற்றளவை ஒரு நூலால் அளந்து, அதனோடு 1 மீட்டர் கூட்டிப் பருத்தி நாடாவை வெட்டுக. உறையின் ஓரம் மேசை விளிம்பைவிடப் பெரிது. முடிச்சிடவும் நீளம் வேண்டும். நாடாவின் நுனியில் ஊக்கு ஒன்றைக் குத்தி மடிப்பினுள் செலுத்தி மறுபுறம் எடுக்க.

7. மெத்தையை மேசையில் பரப்பி, உறையைப் போர்த்தி, கூர்முனையை முதலில் பொருத்துக. இருபுறமும் சமமாக வருமாறு நாடாவை இழுத்துக் கட்டுக. அடிப்புறத்தில் குறுக்காக மூன்று இடங்களில் நாடாவால் பிணைத்தால் உறை தொய்வதில்லை.

மேலே தையலோ ஒட்டோ இருத்தலாகாது. மேசையின் உச்சியில் உள்ள ஒவ்வொரு மேடும் சட்டையில் எழுதப்படும்.

மெத்தை எவ்வளவு கனமாக இருக்க வேண்டும்? மிக மெல்லியதாயின் பொத்தான்களும் தையல் விளிம்புகளும் துணியின் முகத்தில் தடமாகத் தெரியும். மிகத் தடிப்பாயின் பெட்டி அமிழ்ந்து புதிய சுருக்கங்களை உண்டாக்கும். விரலால் அழுத்தினால் சிறிது உள்வாங்கி, விரலை எடுத்ததும் நிமிர்வதே தக்க அளவு.

உருளை இஸ்திரி இயந்திரத்தின் உறை

மேசையில் துணி நிற்கின்றது, பெட்டி நகர்கின்றது. இதற்கு மாறாகத் துணி நகர, சூடான தகடு நிலைத்து நிற்கும் இயந்திரமும் உண்டு. மெத்தையும் உறையும் சுற்றப்பட்ட ஓர் உருளை மெல்லச் சுழலும். வளைந்த சூட்டுத் தகடு அதன்மேல் அழுந்தும். இடையே படுக்கை விரிப்பைக் கொடுத்தால் தேய்ந்து வெளிவரும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க, ஐரோப்பிய வீடுகள் பலவற்றில் இது இருந்தது. நகரத்து விடுதிகளின் சலவைப் பிரிவில் பணிபுரிவோர் இதன் பெரிய வடிவத்தை அறிவர்.

இதற்கும் பருத்தி மேலுறையே உரியது. அளவெடுக்கும்போது வட்டத்தின் கணக்கு வேண்டும். மெத்தை சுற்றிய பின் உருளையின் விட்டம் 14 செ.மீ. என்று கொள்வோம். சுற்றளவு 22/7 × 14 = 44 செ.மீ. உறை ஒன்றரைச் சுற்று வர வேண்டுமாயின் 66 செ.மீ.; ஓர மடிப்புக்கு 2 செ.மீ. கூட்டினால் 68 செ.மீ. உருளையின் நீளம் 65 செ.மீ. எனில், இருமுனைகளிலும் 7 செ.மீ. வீதம் கூட்ட, 79 செ.மீ. அந்த 7 செ.மீ. ஓரத்தில் நாடா மடிப்பு அமைத்து, முனைகளில் பையின் வாயைக் கட்டுவதுபோல் இறுக்கிக் கட்ட வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. உறையின் வெளிநுனி, உருளை சுழலும் திசைக்குப் பின்னோக்கி அமைதல் வேண்டும். தகட்டின் உராய்வு துணியைப் பின்னுக்கு இழுக்கும். அந்த இழுப்பே உறையை மேலும் இறுக்கும். மாறாகச் சுற்றினால், அதே உராய்வு நுனியைக் கிளப்பிச் சுருட்டிவிடும். வேலை தொடங்குமுன் மின்செருகியைக் கழற்றி, உருளை முற்றிலும் ஆறியிருத்தலை உறுதி செய்க.

பேணும் முறை

சோற்றுக் கஞ்சி இட்ட சட்டைகளைத் தேய்க்கும்போது கஞ்சியின் பொடி உறையில் படியும். சூட்டில் அது பழுப்பாகி அடுத்த ஆடையில் ஏறும். ஆகவே மாதம் ஒருமுறை உறையைக் கழற்றித் துவைக்க. மெத்தையை வெயிலில் உலர்த்தி நிமிர்த்துக. உறை கருகிய இடத்தில் துணியின் வலிமை குன்றிவிடும். ஒட்டுப் போடாது புதிதாகத் தைப்பதே நன்று. பெட்டியை விட்டு ஓரடி நகர்வதாயினும் அதனை நிமிர்த்தி வைக்க. வேலை முடிந்தால் மின்செருகியைக் கழற்றுக. சூடு ஆறும்வரை சிறு குழந்தைகளை அருகே விடலாகாது.

முடிவுரை

தையல் என்றாலே பெண்பிள்ளைகளின் பாடம் என்று எண்ணும் வழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. அளப்பதும் வெட்டுவதும் தைப்பதும் அறிவின் தொழில்கள். அறிவுக்கு ஆண் பெண் என்ற வேற்றுமை இல்லை. அதிகாலையில் எழுந்து வேலைக்காட்டிற்குச் சென்று திரும்பும் தாய்க்கு, மகன் தைத்துக் கொடுக்கும் ஓர் உறை சிறந்த பரிசாகும்.

பெற்றோரே, இன்று மாலை உங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டியின் அடியில் விரிக்கும் துணியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அது பருத்தியாக இருப்பின் மகிழுங்கள். அன்றாயின், அதனை மாற்றுங்கள். ஒன்றரை மீட்டர் காடாத் துணியும் ஒரு மாலைப் பொழுதும் இரண்டு வீடுகளுக்குக் காவலாக அமையும்.

பயிற்சி

1. ஓர் இஸ்திரி மேசையின் நீளம் 110 செ.மீ., அகலம் 35 செ.மீ. அதன் உறைக்கு வேண்டிய துணியின் நீள அகலங்களைக் காண்க.

2. மெத்தை சுற்றிய உருளையின் விட்டம் 21 செ.மீ. எனில், அதன் சுற்றளவு யாது?

3. பருத்தி, பாலியஸ்டர் ஆகியவை வெப்பத்தில் அடையும் மாற்றங்களை ஒப்பிட்டு ஐந்து வாக்கியங்கள் எழுதுக.

4. உங்கள் பாட்டி அல்லது தாத்தாவிடம் முன்னாளில் ஆடைகளை எவ்வாறு தேய்த்தனர் என்று கேட்டறிந்து, ஒரு பத்தியில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.